கண்ணில் விட்ட மருந்து

கொழும்புத்துறை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றஜனிக்கு,

மாதாவின் துணையால் நீயும் மருமகனும் பிள்ளைகளும் அந்தக் குளிர் நாட்டில் சுகமாக இருக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் துஷாந்தினி எழுதுகிறாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் என் வாயில் பொய்தான் வருகிறது. போன தரமும் அதுதான் வந்தது.

இங்கே சோளகக் காற்று தொடங்கிவிட்டது. உங்கள் முற்றத்து மாமரத்தில் ஒரு கொப்பு முறிந்து விழுந்தது, ஓடு உடையவில்லை. சேமக்காலையில் உன் அப்பா ஜெறோமின் கல்லறைக்குச் சீமெந்துக் கட்டு கட்டியாகிவிட்டது. வாற முப்பத்தோராம் நாள் பூசை முடிய, நாற்பது வருசம் ஒரே வள்ளத்தில் போன கூட்டாளி என்று நான்தான் அங்கே முதல் மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

கொப்பர் ஜெறோம் நெஞ்சுவலியில் போனார் என்று உனக்குச் சொன்னேன். அது சரி. அந்த வலி எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை.

பாஸ்குத் திருநாள் கழிந்த கிழமை, கடலுக்குள் நட்டிருந்த எங்கள் சிறகுவலைத் தடியில் ஒரு பொதி சிக்கியிருந்தது. உள்ளே வெள்ளைத் தூள். ஒரு பொட்டு நாக்கில் வைத்தேன். கசந்தது, பிறகு நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. எனக்கு உடனே விளங்கியது. எட்டு வயதில் கெளிற்று மீன் முள் என் கண்ணில் ஏறியபோது, பெரியாசுப்பத்திரியில் இரண்டு துளி மருந்து விட்டார்கள். கத்துவதற்கு ஆயத்தமாய்க் கிடந்தேன். கண் என்னுடையது இல்லாதது போல இருந்தது. அதுதான் கொக்கெயின், எங்கேயோ மலைநாட்டுச் சனம் பசியும் களையும் தெரியாமல் சுமை தூக்க மெல்லுகிற இலையில் எடுக்கிறது என்று மருந்து விட்ட அப்போதிக்கரி ஐயா என் அப்புவுக்குச் சொன்னதும், அவருடைய சேட்டுப் பையில் மை ஊறியிருந்ததும்கூட எனக்கு ஞாபகம். எழுத்துத் தெரியாத எனக்கு ஞாபகம்தான் பெருமை.

கொப்பருக்கு அப்போது கடைவாய்ப் பல் குத்து. டேய் ஜெறோம், உது ஆசுப்பத்திரி மருந்தடா, பல்லு முரசிலை தேய் என்றேன். தேய்த்தார். அண்ணை, உங்கடை மண்டைக்குள்ளை ஒரு டிஸ்பென்சறியே இருக்குது என்று சிரித்தார். வலையில் வந்தது எதுவானாலும் கரையில் பாதி பாதி என்பதுதானே எங்கள் வழக்கம். தூளையும் அப்படியே பங்கு வைத்தோம்.

மூன்றாம் நாளே பல் குத்து நின்றுவிட்டது. தூள் நிற்கவில்லை. மூக்குப்பொடி போல இழுக்கத் தொடங்கினார். சோறு வேண்டாம் என்றார். ஓயாமல் கதைத்தார். உச்சி வெயிலில் தனியே நின்று தடி பிடுங்கி நட்டார். எனக்கிப்ப இருபது வயசு அண்ணை, நீங்கள் வள்ளத்து அணியத்திலை இருந்து வெத்திலை போடுங்கோ என்றார்.

நான் இருந்தேன், மகள். என் தோள்மூட்டு ஏலாது. இரண்டு பேரின் வேலையை அவர் செய்தார். தன் பங்கு முடிந்து என் பங்கைக் கேட்டு வந்தபோது, அவருடைய மூக்கில் இரத்தம் காய்ந்திருந்தது. கண்டேன். நாளைக்கு யார் வலை இழுக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் என் பங்கையும் கொடுத்தேன்.

துஷாந்தினி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது பிள்ளை என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் காலமை வள்ளத்தடியில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தார். ஆசுப்பத்திரியில் ஓர் இளம் டாக்குத்தர், இவர் என்ன எடுத்தவர், சொல்லுங்கோ ஐயா என்று இரண்டு தரம் கேட்டார். பொலிசுக்குப் பயந்து, ஒண்டும் இல்லை என்றேன். மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்தது.

அடக்கம் முடிந்த பிறகு கோயில் சுவாமியாரிடம் சொன்னேன். அவரோடு போய், கொப்பர் வள்ளத்தில் விட்டுப்போன மிச்சத் தூளைப் பொலிசில் கொடுத்து, வாக்குமூலத்துக்குக் கைநாட்டு வைத்தேன். வழக்கு வரும். அந்த டாக்குத்தரிடமும் போனேன். அது இருதயத்துக்கு இரத்தம் போகிற குழாயை இறுக்கிவிடும், இளந்தாரி நெஞ்சே தாங்காது, முதலே தெரிந்திருந்தால் வேறு விதமாகப் பார்த்திருப்போம் என்றார். தப்பியிருப்பானோ என்று கேட்டேன். அவர் ஒரு கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார்.

வாற வியாழன் பூசை. துஷாந்தினி இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கிறேன். வேறு ஆரையேனும் நீ சொன்னால், அவரிடம் கொடுத்துவிட்டு நான் சேமக்காலை மதிலுக்கு வெளியே நிற்கிறேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே, மகள்.

உன்னையும் பிள்ளைகளையும் மாதா கைவிடமாட்டா.

அடியில் உன் பெரியப்பா என்று எழுதட்டோ என்று துஷாந்தினி கேட்கிறாள். வேண்டாம், பெயரை மட்டும் எழுது, அதற்கு மேலே ஒரு வரி இடம் விடு என்றேன். அதில் என்ன போடுவது என்பது உன் விருப்பம்.

இப்படிக்கு,

................................

அருட்பிரகாசம்
(இடது கைப் பெருவிரல் அடையாளம்)