சமக்குறி ஒரு பாலமா?

மாசாய்,
ஞாயிறு காலை

அன்புள்ள மகள் லோஷினிக்கு,

நானும் அப்பாவும் நலம். போன வாரம் நீ வேலை பார்க்கும் கபிட்டிலிருந்து பேசியபோது லைன் விட்டு விட்டு வந்ததில் பாதிதான் காதில் விழுந்தது, மீதியை நலம் என்று நானே நிரப்பிக்கொண்டேன். இந்த விஷயத்தை அப்படி நிரப்ப முடியாது, அதனால்தான் கடிதம்.

அப்பாவின் சிங்கப்பூர் கம்பெனி மூடியது உனக்குத் தெரியும். இங்கே பக்கத்தில், பாசிர் கூடாங்கில் கொதிகலன் இயக்கும் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார். அடுத்த மாதம் பதினான்காம் தேதி நுழைவுத் தேர்வு, அதில் கணக்கும் உண்டு. தேறாவிட்டால் மறுபடி சிங்கப்பூருக்கே போய், இந்த முறை அங்கேயே தங்கிக் காவல் வேலை பார்ப்பாராம். இருபத்திரண்டு வருடம் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலம் தாண்டினாலும் அன்றன்றைக்கு வீடு திரும்பிய மனிதர். நீ இடைநிலைப் பள்ளியில் படித்த படிவம் ஒன்று கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தேன்.

x + 7 = 12 என்ற கணக்குக்கு, எங்கள் ஆசிரியை சொன்னதையே சொன்னேன். எண் சமக்குறியைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் குறி மாறும். அப்பாவுக்கு உடனே பிடித்துவிட்டது. "இது நம்ம பாலம்தானே, அந்தப் பக்கம் போனா எல்லாமே மாறிடும்லா" என்றார். பத்துக் கணக்கு மளமளவென்று போட்டார். அப்புறம் 3x = 12 வந்தது. மூன்றைப் பாலம் தாண்டவிட்டு மைனஸ் ஆக்கி, x = 9 என்று எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டார். தப்பு என்றேன். "நீ சொன்ன ரூல்தானே ஷாமளா, மூனு தாண்டிருச்சு, மைனஸ் ஆயிருச்சு, எங்க தப்பு?" என்று கேட்டார். அவர் எழுதியதை உற்றுப் பார்த்தேன். மூன்றுக்கும் x-க்கும் நடுவில் குறியே இல்லையே, இல்லாதது எப்படி மாறும்? அங்கே ஒரு பெருக்கல் ஒளிந்திருக்கிறது, தாண்டினால் அது வகுத்தல் ஆகும் என்றேன். "அலமாக், இமிகிரேஷன்ல அவன் மட்டும் ஒளிஞ்சு வந்தானா?" என்று தலையில் கை வைத்தார். சரித்திரத்தில் பட்டம் வாங்கியவளுக்கு இதற்கெல்லாம் பதில் எங்கே தெரியும். மூன்று பெட்டியில் பன்னிரண்டு கறிபாப் பலகாரம் என்றால் ஒரு பெட்டியில் எத்தனை என்று கேட்டுப் பார்த்தேன். "நாலு, இதுக்கு எதுக்கு x?" என்கிறார். விடை தெரிகிறது, வழி தெரியவில்லை, தேர்வில் வழிக்குத்தான் புள்ளி. x-ஐத் தனியாக நிறுத்த வேண்டும் என்று விளக்கினால், "எல்லாத்தையும் அந்தப் பக்கம் அனுப்பிட்டு இது மட்டும் வீட்ல தனியா உட்கார்ந்திருக்கு, உன்ன மாதிரி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று அவர் கடைக்குப் போனபோது புத்தகத்தை மறுபடி பார்த்தேன். தாண்டுவது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இரண்டு பக்கத்தையும் மூன்றால் வகு என்றுதான் இருக்கிறது, முதல் கணக்கில் 7-ஐக் கழிப்பதும் இரண்டு பக்கமும்தான். அப்படியென்றால் எந்த எண்ணும் எங்கேயும் போவதில்லையா? முப்பத்தைந்து வருடமாக நான் நம்பியது வெறும் பேச்சா, அல்லது இரண்டும் ஒன்றேதானா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. நான் சொன்னால் "இப்ப ரூல மாத்துறியா" என்பார். நீ கணக்கு டீச்சர், நீ எழுதினால் கேட்பார்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடி. ஆற்றில் படகில் போகும்போது மிதவைச் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டிராமல் போட்டுக்கொள். நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் வகுப்புப் பிள்ளைகளும் நன்றாகப் படிக்கட்டும். பதினான்காம் தேதியை மறந்துவிடாதே. சமக்குறியில் பாலமே கிடையாது, யாரும் எங்கேயும் தாண்ட வேண்டியதில்லை என்று அப்பா படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுது. அது உண்மையாக இருந்தால்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அம்மா ஷாமளா