அழுத்தினால் பிடி இறுகுமா, ஷபா?

என் செல்லச் சண்டைக்காரி ஷபாவுக்கு,

நேற்று மலையேறி எங்கள் ஊர் சோளக்காட்டுக்கு வரும் பஸ்ஸில் நம் சண்டைக்கு முடிவு கிடைத்துவிட்டது. நான்தான் சரி.

நம் சேனலில் நீ கடைசியாகப் பேசிய வீடியோ நினைவிருக்கிறதா? கிண்ணம் மாதிரி ஒரு மூலக்கூறு. தனக்குப் பொருந்துகிற சின்ன மூலக்கூறை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அதன் ஒளி மாறும், அதுதான் சென்சார். இவ்வளவும் அழகாய்ச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு போடு போட்டாய்: "அழுத்தம் ஏத்துனா எந்தப் பிடியும் இறுகத்தான் செய்யும். மேலூட்டு அக்கா ஒத்துக்கமாட்டா, உடுங்க."

நீ அடிவாரம், நான் மலை மேல். அதனாலேயே உன்னைவிடச் சின்னவளான நான் உனக்கு அக்கா ஆனேன்.

நீ போன பிறகு அந்த வீடியோவின் கீழே, தப்பு, தூக்குங்கள் என்று எழுதுகிறார்கள். உன் அத்தாவோ கடையைத் திறந்ததும் மகள் குரலுக்காக முதலில் அதைத்தான் போடுகிறார். எப்படித் தூக்குவேன்? அப்படியே எப்படி விடுவேன்?

பஸ்ஸில் சரியான கூட்டம். பக்கத்து சீட்காரர் பலாப்பழத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார். நெருக்க நெருக்க அந்த அணைப்புக்கு இடமில்லை. பழத்தைக் காலடியில் தள்ளிவிட்டு, உடம்பை ஒடுக்கி, தோளில் தொங்கிய சின்ன மிளகுப் பையை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அதேதான் ஷபா! சேர்ந்தால் மொத்த இடம் குறைகிற ஜோடியை அழுத்தம் இறுக்கும், இடம் கூடுகிற ஜோடியைப் பிரிக்கும். சில கிண்ணங்கள் வடிவமே மாறி வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் தண்ணீரும் அந்த இடக்கணக்கில் சேரும்.

ஒன்றில் நீ ஜெயித்தாய். மலையேறினால் காற்றழுத்தம் குறைகிறதே, சென்சார் குழம்பாதா என்று நான் கேட்டதற்கு விழுந்து விழுந்து சிரித்தாய். நம் மலைக்கெல்லாம் அது அசையாது. ஆழ்கடலை மிஞ்சுகிற அழுத்தம் வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் அத்தாவுக்குப் போன் போட்டேன். வீடியோவில் ஒரு தப்பு இருக்கிறது என்றேன். அவர் திருப்பிக் கேட்டார்:

"அவ இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப கண்ணு?"

"சண்டை போட்டிருப்பேங்க."

"அப்பறம் என்ன, போடு. அவ பேச்ச மட்டும் வெட்டிராத."

வெட்டமாட்டேன், ஷபா. உன் குரல் முழுசாக ஓடும். நீ "உடுங்க" என்று முடிக்கிற இடத்தில் நான் தொடங்குவேன். உனக்காக எவராவது என்னோடு மல்லுக்கு வந்தால், உன் கட்சியில் ஆள் சேர்ந்தது என்று சந்தோஷமாய்ச் சண்டை போடுவேன்.

விடாத,
உன் மேலூட்டு அக்கா