பனிமலைக் கல்யாணத்துக்குப் போனவனுக்கு

உன்னைக் கொன்றது நம் கம்பெனி. நெஞ்சுவலி என்று அவர்கள் சொன்னதை நான் ஒரு நாளும் நம்பியதில்லை.

இன்று காலை அலுவலகத்துக்குக் கல்யாண விருந்தாளிகளுக்கான கம்பளிச் சால்வைகள் வந்து இறங்கின. பெட்டியைப் பிரித்ததும் பூச்சி உருண்டை வாசனை கிளம்பியது. போன வருடம் இதே வாசனைக்கு நடுவில்தான் நீ ஒரு சால்வையை முக்காடு போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டு அத்தை மாதிரி நொடித்து நடந்து காட்டினாய். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் மட்டும் சால்வை கசங்கிவிடும் என்றார். இந்தத் தையிலும் ஒரு கல்யாணம் வந்திருக்கிறது. அதே ஜார்ஜியா நாடு, அதே பனிமலை ஹோட்டல், வேறு பெண் வீட்டார். உன் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை, மாப்ளே. ‘போன தடவை நடந்த விஷயம்’ என்கிறார்கள்.

வளைகுடா வெயிலில் சம்பாதித்த குடும்பங்களுக்குப் பனியில் தாலி கட்டும் ஆசை எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மார்கழியில் கல்யாணம் கூடாது. ஆகவே தை பிறந்ததும் முதல் முகூர்த்தம், அதுவும் விடியற்காலையில். மலையில் அதைவிடக் கொடிய நேரம் கிடையாது. மாப்பிள்ளை வெறும் மார்போடு மணையில் உட்கார வேண்டும். பெண் வெறுங்காலோடு அம்மி மிதிக்க வேண்டும். இருந்தும் ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட வரக் கூடாது. நம் கம்பெனியில் அதற்குத் திட்டம் போடுவது என் வேலை. போட்ட திட்டத்தைக் கட்டி நிறுத்துவது உன் வேலை.

போன கல்யாணத்துக்கு முந்தைய ஆகஸ்டில், இங்கே அல் கோஸில் இருக்கும் நம் கிடங்கில், அந்தக் கூடார மண்டபத்தை ஒத்திகைக்குக் கட்டினோம். வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. உள்ளே கேஸ் ஹீட்டர்களைப் பற்றவைத்துச் சூடு எங்கெல்லாம் எட்டுகிறது என்று பார்த்தோம். தலையில் குடை கவிழ்த்த மாதிரி இருக்குமே, ஹோட்டல் முற்றங்களில் வைப்பார்களே, அந்த ஹீட்டர்கள். அழகு கெடுகிறது என்று அவற்றைப் பிளாஸ்டிக் வாழை மரங்களுக்குப் பின்னால் மறைத்தாய். கொஞ்ச நேரத்தில் ஓர் இலை சுருண்டு வழிந்தது. மணப்பெண்ணின் அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவருடைய கவலை எல்லாம் பட்டுப்புடவைக்குக் கீழே கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு மணையில் ஏறலாமா என்பதுதான். புரோகிதரைப் போனில் கூப்பிட்டோம். கம்பளி மடிதான், தீட்டில்லை, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிப்போய் நின்ற நீ என் காதருகே வந்தாய்.

“வேர்வை வழிய வழியக் குளிருக்குப் பயப்படுற கூட்டத்த இங்கதான்டா மாப்ளே பாக்குறேன்.”

அன்றைக்கு எல்லாவற்றையும் யோசித்தார்கள். மணைக்குக் கீழே சூடாகும் பாய், பெரியவர்கள் நாற்காலியில் வெந்நீர்ப் பை, வாசலில் சுக்குக் காபி, குழந்தைகளுக்குக் காதை மூடும் குல்லா. செட் போடுகிறவர்கள் எங்கே தங்குவார்கள் என்று நான் கேட்டேன். ஹோட்டல் பார்த்துக்கொள்ளும் என்றார் மேனேஜர். பதிலைக் கையில் தயாராக வைத்திருந்தவர் மாதிரி அவ்வளவு வேகமாகச் சொன்னார். எனக்கு அப்போதே அது பிடிக்கவில்லை. உன்னிடமும் சொன்னேன். உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று கேலி செய்தாய்.

உங்களை வழியனுப்ப வந்த விமான நிலையத்தில் என் சந்தேகம் இன்னும் வளர்ந்தது. குடிவரவு அதிகாரி கேட்டால் வேலைக்கு வந்திருப்பதாகச் சொல்லக் கூடாது, கல்யாண விருந்தாளிகள் என்றே சொல்ல வேண்டும் என்று உங்களை வரிசையாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏன் என்று நான் கேட்டதற்குப் பேப்பர் வேலை மிச்சம் என்றார்கள். வேலைக்குப் போனவன் செத்தால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். விருந்தாளி செத்தால் அது அவன் விதி. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நீயோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணடித்தாய்.

“பரவால்ல, மொத மொதலா நம்மளையும் கல்யாணத்துக்குக் கூப்புட்ருக்கானுங்க.”

நான் உன்னிடம் கடைசியாகக் கேட்ட பேச்சு அதுதான்.

மண்டபத்தைக் கட்டி முடித்த அன்று இரவே நீ போய்விட்டாய். கல்யாணம் நிற்கவில்லை. சுக்குக் காபியைப் பற்றி விருந்தாளிகள் பாராட்டிப் பேசினார்களாம். தூக்கத்தில் மாரடைப்பு, கொடுத்துவைத்த சாவு என்று மேனேஜர் எங்களிடம் சொன்னார். மலை ஏறி இறங்கினாலும் மூச்சு வாங்காத உடம்பு உனக்கு. வளைகுடாவில் செத்துப்போகிற எங்கள் ஆட்களுக்கெல்லாம் எப்படி ஒரே வியாதி வருகிறது என்று நான் கேட்டேன்.

உன்னோடு ஒரே அறையில் படுத்திருந்தவர் செல்வம். ஜார்ஜியாவிலிருந்து திரும்பியதும் நாம் தங்கியிருந்த சத்வாவில் ஒரு கஃப்டீரியாவில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவர்தான் என்னிடம் சொன்னார். உங்களை ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் தங்கவைத்திருக்கிறார்கள். அங்கே ஹீட்டரே இல்லை. கேட்டதற்கு, மண்டபத்தில் மிச்சமான கேஸ் ஹீட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்கள். திறந்த வெளியில் மட்டும் வைக்க வேண்டிய ஹீட்டர். கதவிடுக்கிலும் ஜன்னலிலும் பனிக்காற்று ஊசியாகக் குத்தியிருக்கிறது. நீ பையிலிருந்து பிரவுன் டேப்பை எடுத்தாய்.

அதைச் சொல்லும்போது செல்வம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. அந்தக் கையை எனக்குத் தெரியும். நம் சத்வா அறையில் ஏசியைச் சுற்றி, ஜன்னல் சட்டத்தில், கதவுக்கு அடியில் என்று எல்லா இடுக்கிலும் டேப் ஒட்டியவன் நீ. “குளிரு நம்ம சொத்துடா, வெளிய விடக் கூடாது” என்பாய். புது ஆள் யாராவது கதவைத் திறந்து வைத்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டுவாய். தொழிலாளர் கேம்ப்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. குளிரை உள்ளே பூட்டியே பழகிய கை, பனிமலையில் சூட்டைப் பூட்டியது. மூடிய அறையில் கேஸ் எரியக் கூடாது என்று உனக்கு யாரும் எச்சரிக்கவில்லை. காற்றுப் போக வழியில்லாத அறையில் அது வாசனையே இல்லாத விஷத்தைக் கக்கும். மண்டை இடிக்கிறது என்று எழுந்த செல்வம் கதவை இழுத்துத் திறந்து, வாசலில் பனிமேல் விழுந்திருக்கிறார். அவர் பிழைத்தார். உனக்கு அந்தக் காற்று வந்து சேரவில்லை.

போன மாதம் செல்வத்தைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். அந்த ஹீட்டர் கதையை எல்லோரிடமும் சொல்வீர்களா என்று போய்க் கேட்டேன். “எனக்கு ஒண்ணும் சரியா ஞாபகம் இல்ல தம்பி. விட்டுருங்க” என்றார். மேனேஜரிடம் அந்த ஹீட்டரைப் பற்றிக் கேட்டேன். “டேப் ஒட்டிக்கிட்டது அவன்தானே? அதுக்கு நாம என்னப்பா பண்ண முடியும்?” என்றார். நெஞ்சுவலியில் செத்தவனுக்கு டேப் கதை எதற்கு? அதையும் கேட்டேன். போன் வந்த மாதிரி எழுந்து போய்விட்டார்.

உன் டேப்பை எல்லாம் நான் உரித்துவிட்டேன். ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. குளிர் எல்லாம் வெளியே போகிறது என்று அறையில் தினமும் சண்டை. சண்டை போடட்டும்.

இன்று மதியம் புதுப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். இஞ்சினியர். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். நான் அதையும் நம்பவில்லை. அவருடைய அம்மாவுக்கு ஆஸ்துமாவாம். ஹோமப் புகையும் ஹீட்டரும் சேர்ந்தால் ஆகுமா என்று கேட்டார். மேனேஜர், சூப்பர்வைசர் செல்வத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வரைபடத்தை விரித்து, கூடாரத்தின் மேலே புகை போக வழி விட்டிருப்பதைக் காட்டினார். பிறகு பெருமையாகச் சொன்னார்: “இந்த வருஷம் நாலு மூலையிலயும் சென்சார் வெக்கிறோம் சார். கேஸ் கொஞ்சம் கூடினாலும் அலாரம் அடிச்சிடும்.”

இந்த வருஷம். எதற்காக இந்த வருஷம்? நெஞ்சுவலியைக் கண்டுபிடிக்கவா சென்சார்? அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, மாப்ளே. உன் சாவிலிருந்து பாடம் படித்து, அதை மண்டபத்தில் உட்காரப் போகிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் வரைபடத்தைத் தேடினேன். சாமான் அறை இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. அங்கே படுக்க இந்த முறையும் ஆட்கள் தயார். விருந்தாளிகள் என்று சொல்ல அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தாகிவிட்டது.

எழுந்து நின்றேன். செட் போடப் போகிறவர்கள் எங்கே தூங்குவார்கள் என்று கேட்டேன். ஹோட்டல் பார்த்துக்கொள்ளும் என்று மேனேஜர் ஆரம்பித்தார். போன வருடம் அந்தச் சாமான் அறையில் ஒருவன் செத்தான், கொன்றது ஹீட்டர்தான் என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் செல்வத்தைப் பார்த்தார். செல்வம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க கல்யாணம்தான் சார், நீங்க சொன்னா நடக்கும்” என்றேன். “வேலைக்கு வர்றவங்களுக்கும் ஹோட்டலுக்குள்ளேயே ரூம். இப்பவே, இங்கயே சொல்லுங்க.”