படிக்கட்டில் விற்ற பங்குகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். வாராவாரம் போனில் இதையேதான் சொல்லிவந்தேன், அப்போதெல்லாம் அது பாதிப் பொய், இன்றைக்குத்தான் முழு உண்மை, அதனால்தான் எழுதத் தைரியம் வந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார், உனக்கு ஒன்றும் தெரியக் கூடாது என்று, நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாலேயே அதட்டுகிறார். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். படிக்கும்போது உன் நெஞ்சு பதறக் கூடாது, அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இருதயத்தில் பெரிய அறுவை சிகிச்சை நடந்து, பிழைத்து, வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும் இந்த நேரம் கத்தரிக்கோலைக் காணோம் என்று அடுத்த அறையில் இழுப்பறைகளை உருட்டிக்கொண்டிருக்கிறார். அது அவர் சட்டைப் பையிலேயேதான் இருக்கிறது, தேடட்டும், கொஞ்சம் நடமாட்டம் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

கோபப்படாமல் மேலே படி. அப்பா ஓய்வு பெற்றபோது லிஃப்ட் கம்பெனியில் கொடுத்த தொகையை என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். கொஞ்சத்தை வங்கியில் போட்டு, மீதி எல்லாவற்றுக்கும் பங்குகள் வாங்கினார். தப்பு என்று நான் சொல்லவில்லை, நாலைந்து வருஷம் அது நன்றாகத்தான் வளர்ந்தது, அந்த லாபத்தில்தான் கூரை ஒழுகலை நிறுத்தினோம், எனக்குப் பல் கட்டினோம். காலையில் சந்தை திறக்கும்போது டிவிக்கு முன்னால் உட்காருவார், மூடும்போது எழுந்திருப்பார், கம்பெனிக்குப் போன நாளில்கூட அவ்வளவு நேரம் தவறாமல் இருந்ததில்லை. இறங்கினால் பயமாக இல்லையா என்று கேட்டால், "லிஃப்ட் ரிப்பேர்காரன்கிட்ட கேக்குற கேள்வியா இது? கீழ போனது மேல வரும்" என்று சிரிப்பார். அப்புறம் ஒரு இறக்கம் வந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார், ஆகவில்லை. டிவியின் அடியில் ஓடுகிற எழுத்தெல்லாம் சிவப்பாகவே ஓடியது. அவர் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி ஒரு அமைதி. உடம்பு சரியில்லாமல் இருந்தது அவருக்குத்தான் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே தூங்கினார், நான் சந்தைக் கவலை என்று நினைத்தேன். கடைக்குப் போய் வந்தால் வாசலில் நின்று சாவியைத் தேடுவது போல மூச்சு வாங்குவார். ஒருநாள் செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் அப்போது வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு ஃபிரேம் சரிசெய்துகொண்டிருந்தேன், எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடி வந்து சொன்னார், போட்டது போட்டபடி ஓடினேன். ஆஸ்பத்திரியில் எல்லா சோதனையும் எடுத்தார்கள். இருதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வாசலில் ஒரு கதவு இருக்குமாம், அது சுண்ணாம்பு படிந்து இறுகிப்போய்விட்டது, திறக்கவே மாட்டேன் என்கிறது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். "மாத்திரையில சரியாகாதும்மா. கதவை மாத்தணும். தள்ளிப் போடாதீங்க" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஓய்வு பெற்றதோடு கம்பெனியின் மருத்துவ அட்டை செல்லாமல் போய்விட்டது, செலவு முழுக்க நம்முடையது. வங்கியில் இருந்தது முன்பணத்துக்கே காணாது.

தேதி வாங்கி வருகிறேன் என்று அப்பா மட்டும் போனார். திரும்பி வந்து, டாக்டரம்மாவுக்கு நேரமில்லையாம், இரண்டு மாதம் கழித்துத்தான் தேதி என்றார். நம்பினேன். அடுத்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டு, "ஏம்மா, நேத்து அட்மிட் பண்ணச் சொல்லியிருந்தோமே, ஏன் வரலை? சார்தான் வேணாம்னுட்டாரா?" என்று கேட்டார். உள்ளே போய் டிவியை அணைத்துவிட்டு அவர் முன்னால் நின்றேன். அவர் மறைக்கவில்லை. "இப்ப வித்தா பாதிக்குப் பாதி போயிடும். ரெண்டு மாசம் பொறு, ஏறட்டும்" என்றார். உயிர் பொறுக்குமா என்று கேட்டேன். "உன் பொண்ணையே கேளு. அவளே சொல்லிட்டா" என்றார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் அவர் விளையாட்டாகக் கேட்டாரே, இந்த நேரத்தில் யாராவது பங்கை விற்பார்களா என்று. "பைத்தியக்காரங்கதான்பா விப்பாங்க" என்று நீயும் சிரித்தாய். அதைத்தான் கவசமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நாளைக்கு அவரே உளறி நீ அரைகுறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. உனக்கு ஒன்றும் தெரியாது, கேட்ட கேள்விக்கு எல்லாரும் சொல்வதைத்தான் சொன்னாய். அதை மனசில் ஏற்றிக்கொண்டு அழுதாயானால் எனக்குத்தான் வலிக்கும்.

அன்றைக்குப் பெரிய சண்டை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அவரை மிரட்டியது அந்த ஒரு தடவைதான். ஒன்று என்னோடு பங்குத் தரகு அலுவலகத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் இப்போதே மகளுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று போனைக் கையில் எடுத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டார். அந்த அலுவலகம் மூன்றாவது மாடி. நேரம் பார்த்து லிஃப்ட் ஓடவில்லை, கதவில் ஒரு அட்டை தொங்கியது. அப்பா அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கவனிக்காம விட்டுட்டானுங்க" என்று மட்டும் சொல்லிப் படியேறினார். முதல் திருப்பத்திலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு கறுத்துப் போயிற்று, என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார், முடியவில்லை. படியிலேயே உட்கார வைத்து, என் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். மேலே போன் செய்ததும் அலுவலகத்தை நடத்துகிற பெண் தானே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். உன் வயசுதான் இருக்கும். எங்களுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒதுங்கிப் போக, அங்கேயே வியாபாரம் நடந்தது.

அப்பா முதலில் கேட்டது அன்றைய விலையை. அவள் தயங்கிச் சொன்னாள். முந்தின நாளைவிடவும் இறங்கியிருந்தது. விற்பதற்கு அவர் போனுக்கு ஒரு எண் வருமாம், அதை அவரே போட வேண்டுமாம், கொஞ்ச நேரம் போனால் அது செல்லாதாம். எண் வந்தது. அப்பா போனைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டார். நேரம் போயிற்று, செல்லாமல் போயிற்று. அவள் மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அதே மாதிரி. அந்தப் பெண் ஒரு முகச்சுளிப்புகூடக் காட்டவில்லை, "பரவால்ல சார், நான் இருக்கேன்" என்றாள். அப்போதுதான் என்னைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்து அப்பா பேசினார். "இதை வித்து ஆபரேஷன் பண்ணி, நான் பொழைக்கலைன்னா உனக்கு என்ன மிச்சம்? விக்காம நான் போனாலும் இது என்னிக்காவது ஏறும். உனக்குக் கடைசி வரைக்கும் சோறு போடும்." அதுவரை நான் அதைப் பேராசை என்று நினைத்திருந்தேன், கத்திக்குப் பயம் என்று நினைத்திருந்தேன். இந்த மனுஷன் தன் உயிரை ஒரு தட்டில் வைத்து, என் முதுமையை இன்னொரு தட்டில் வைத்து, யாரையும் கேட்காமல் நிறுத்துப் பார்த்திருக்கிறார். அவர் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். பிறகு சொன்னேன், "எனக்குச் சோறு போட கண்ணாடிக் கடை இருக்கு. சண்டை போட யாரு இருக்கா?" அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது எண் வந்தபோது அப்பா போனை என்னிடம் நீட்டி, "கண்ணாடி எடுத்துட்டு வரலை, நீ படி" என்றார். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், அவர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். முடிந்தது என்று அவள் சொன்னதும், "யாரு வாங்கினாங்க?" என்று கேட்டார். அதெல்லாம் தெரியாது சார் என்றாள். "யாரோ, நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்தார்.

அந்த வாரமே அறுவை சிகிச்சை. நெஞ்சைத் திறந்து புதுக் கதவு வைத்தார்கள். எல்லாம் சரியாக முடிந்தது என்று சொன்ன மறுநாள் காய்ச்சல் ஏறி, எடுத்த மூச்சுக்குழாயை மறுபடி வைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் சுவரில் ஒரு டிவி, அதிலும் சந்தைச் செய்தி ஓடியது. எத்தனையோ பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தர்கூட அதை நிமிர்ந்து பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் உள்ளே போகிற கதவின் மேல்தான். உனக்குச் சொல்லாமல் இருந்தது அப்போது நெருப்பாகச் சுட்டது. அவர் கண்ணை மூடிவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று மனசுக்குள் ஆயிரம் தடவை உனக்குப் போன் செய்துவிட்டேன். காய்ச்சல் மெல்ல இறங்கியது. குழாயை எடுத்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, சந்தை இல்லை, "நீ சாப்பிட்டியா?"

வீட்டுக்கு வந்தபின் டிவி பக்கம் போகாமல் இருந்தார். போன வாரம் தானே போட்டுப் பார்த்தார். நான் பாத்திரம் துடைக்கிற மாதிரி அங்கேயே நின்றேன். "ஏறிடுச்சு. பழைய விலையையும் தாண்டிடுச்சு. வெச்சிருந்தோம்னா..." என்று இழுத்தார். வைத்திருந்தால் நீங்கள் எங்கே இருந்திருப்பீர்கள் என்று கேட்டேன். டிவியை அணைத்துவிட்டு, "சுவத்துல. மாலை போட்டு மாட்டியிருப்பே" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, தையல் இழுக்கிறது என்று தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். நான் தடுக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. விற்றதில் செலவு போகக் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, இந்தத் தடவை அது வங்கியில் கிடக்கிறது. நான் கண்ணாடிக் கடையில் இனி முழு நாளும் வருவதாகச் சொல்லிவிட்டேன், கை ஊன்றிக் கரணம் போட்டாவது நாள் நகர்ந்துவிடும். உங்கள் இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். சந்தையில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு நல்லதுதான் செய்கிறது. ஆனால் உடம்பு காத்திருக்காது. திடீரென்று ஒருநாள் கை நீட்டினால் எடுக்கிற மாதிரி கொஞ்சம் பணத்தைத் தனியாக வையுங்கள், அது ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், சும்மா கிடக்கட்டும். வட்டி குறைச்சல் என்று மாப்பிள்ளை சொல்வார். அந்தப் படிக்கட்டில் நான் உட்கார்ந்திருந்தபோது வட்டியை நினைக்கவில்லை என்று சொல்.

இத்தனை நீளமாக எழுதியதற்குக் காரணம் இனிமேல்தான் வருகிறது. மருந்துச் சீட்டு வாங்கப் போனபோது டாக்டரம்மா கேட்டார், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று. அப்பாவுடைய அந்தக் கதவு பிறக்கும்போதே கோணலாக அமைந்ததாம், மூன்று மடல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்ததாம், சில குடும்பங்களில் அது பிள்ளைகளுக்கும் வருமாம். "பயப்பட வேணாம், ஆனா ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க" என்றார். அப்பாவிடமிருந்து உனக்கு அந்த மூக்கும் பிடிவாதமும் மட்டும்தான் வந்தது என்று நினைத்திருந்தேன், அப்படியே இருக்கட்டும் என்றுதான் ஒவ்வொரு வேளையும் நினைக்கிறேன். அப்பாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. உனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு சொல்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் மறைக்காமல், நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும், அம்மா அப்பா இருவரின் ஆசியும் உங்களோடு எப்போதும் இருக்கும். இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் டாக்டருக்குப் போன் செய். எவ்வளவு ஆகும் என்று கேட்காதே, வேலை இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லாதே. உன் அப்பாவும் அப்படித்தான் சொன்னார்.

உன் பதிலுக்காகப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா