விறகுக்குப் பின்னால் இருந்த செருப்பு

என்னங்க,

நீங்க பீலித் தண்ணியில குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பதுளைக்கு, சேர்ச்சுக்குக் கிளம்பிட்டேன். செருப்பை ஒளிச்சு வச்சா நான் வீட்டோட கிடப்பேன்னு நெனச்சீங்களா? போன ஞாயித்துக்கிழமை வார் அறுந்தப்ப, அட்டைக்கடியோட வெறுங்காலுலயே போயிட்டு வந்தேனே, மறந்துபோச்சா?

ரொட்டியும் சம்பலும் அடுப்பு மேல மூடியிருக்கு. உங்க அண்ணன் கோயில் கமிட்டி ஆளுங்களோட வருவாரு. நான் கிறிஸ்தவ வேதத்தை விடலைன்னா, தோட்டத்து லயத்துல நல்லது கெட்டதுக்கு நம்மளைச் சேர்க்க மாட்டாங்களாம். விடமாட்டேன்னு நான் சொன்னதை அப்படியே சொல்லிருங்க, மழுப்பாதீங்க. அவங்க ஏசினா ஏசட்டும். தேத்தண்ணியை மட்டும் ஆறவிடாம குடுங்க. அண்ணனுக்குச் சீனி கொஞ்சம் கூடப் போடுங்க, அப்பயாவது வாய் இனிக்குதான்னு பாப்போம்.

உங்களுக்கும் சேர்த்துத்தான் ஜெபம் பண்ணப்போறேன். மொறைக்காதீங்க.

பூவாயி

மறந்துட்டேன்: செருப்பு விறகுக்குப் பின்னால கெடச்சிருச்சு. அறுந்த வாரை யாரோ கெட்டி நூலு போட்டுத் தச்சிருக்காங்க. போகக்கூடாதுன்னு ஒளிக்கிற மனுசன் எதுக்குங்க தச்சு வைக்கணும்?

போட்டுக்கிட்டுத்தான் போறேன். அண்ணன் வர்றதுக்கு முன்னாடி இந்தச் சீட்டை அடுப்புல போட்டுருங்க. பார்த்தாருன்னா என்னை விட்டுட்டு உங்களைத்தான் மொதல்ல தள்ளி வைப்பாரு.