சீரகச் சம்பா போய் வந்த வழி

நோன்பு 27, வியாழன். 1966, தாராவி

காலையில் நல்ல குளிர். தோல் ஷாப் நாற்றம்கூட உறைந்து கிடந்தது. வேலைகள்: எங்கள் ஒற்றை அறைக் கோளிக்குச் சுண்ணாம்பு, கிழிந்த பாய்க்கு ஒட்டு.

பெருநாளைக்கு மகளைக் கட்டிய புது மாப்பிள்ளை செம்பூரிலிருந்து முதல் விருந்துக்கு வருகிறார். பிரியாணிக்கு ஊர்ச் சீரகச் சம்பா தயார். அரிசி கொண்டுவரத் தடை என்பதால் மச்சான் படுக்கைச் சுருளுக்குள் ஒளித்து ரயிலில் கொண்டுவந்தது. ரேஷனில் கிடைப்பது மஞ்சள் கோதுமையும் கல்லும்தான். என் பழைய கட்டம்போட்ட கைலியில் பை தைத்து அரிசியை அதில் கட்டிவைத்திருக்கிறாள் என் மனைவி மைமூன்.

பள்ளிவாசலில் இமாம் ஹஜ்ரத், பித்ரா என்ற பெருநாள் தர்மம் பற்றிப் பேசினார். வீட்டில் உள்ள தலை ஒவ்வொன்றுக்கும் தானியம் கடமை. பெருநாள் தொழுகைக்கு முன்னால் ஏழைக்குப் போய்ச் சேரவேண்டும். அன்றைய சாப்பாட்டுக்கு மேல் மிஞ்சினால் ஏழைக்கும் கடமைதான்.

பெல்ட் பட்டறை செய்யது என்னைப் பார்த்துச் சிரித்தான். “ஓய், உம்ம வீட்டுல இருந்து ரேஷன் கோதுமைதானே? புழுவையும் சேத்து எண்ணிக் குடும்.”

விடுவேனா? “சீரகச் சம்பா குடுப்பேன். மக வீட்டுத் தலைக்கும் நானே குடுப்பேன்!”

பள்ளியே எழுந்து நின்றது. ஹஜ்ரத் கண்ணில் நீர். (சளி என்கிறான் செய்யது. பொறாமை.)

நோன்பு 28, வெள்ளி

செய்தி குழாயடி வழியாக வீட்டுக்கு வந்துவிட்டது.

மைமூன் கேட்டாள்: “எல்லாத் தலைக்கும் அளந்தா பை காலி. மாப்பிள்ளைக்கு என்னத்த ஆக்க? உங்க வாயையா?”

சொன்ன சொல்லை மாற்றவில்லை. பெரிய மனிதர்கள் மாற்றுவதில்லை. மாட்டுங்காவில் அரிசி தேடினேன். கடைக்காரர் எனக்குச் சலாம் போட்டார், அரிசி மட்டும் இல்லை.

நோன்பு 29, சனி

பிறை தெரிந்தது. முதலில் பார்த்தது நான்தான், எல்லோரும் கத்திய பிறகு சொன்னேன்.

பையைத் தோளில் போட்டு, செய்யது பட்டறை வாசலைச் சுற்றிக்கொண்டு, அடுத்த சந்து ரஹ்மத் மாமியிடம் கொடுத்தேன். புருஷன் இல்லாதவள், வீடு நிறையப் பிள்ளைகள். கையேந்தி துஆ செய்தாள். நெஞ்சு நிறைந்தது.

மைமூன் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

பெருநாள், ஞாயிறு

அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கதவு தட்டல். தையல்காரன் காசிம். கையில் பை. கட்டம்போட்ட கைலி!

“மாமா, தப்பா நினைக்காதீங்க. குழாயடில மைமூன் மாமி அழுதாங்களாம், பெருநாளைக்கு அரிசி இல்லன்னு. இது எங்க வீட்டு பித்ரா. ரஹ்மத் மாமி எங்களுக்குத் தந்தது. அவங்களுக்கு நாலு வீட்டுல இருந்து வந்திடுச்சாம். எங்களுக்கும் மிஞ்சிச்சு.”

“அரே, நான் குடுக்கிற ஆளுடா...” என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பையைப் பறித்துக்கொண்டு போய்விட்டது.

தொழுகைக்குப் போகும் வழியில் ஹஜ்ரத்தை ஓரமாக இழுத்துக் கேட்டேன், யாரோ ஒரு நண்பருடைய சந்தேகம் என்று. “கொடுத்ததோட அவர் கடமை முடிஞ்சுது. திரும்பி வந்தது அவருக்கு அல்லா எழுதின ரிஸ்கு, அவரோட சாப்பாடு. தைரியமாச் சாப்பிடச் சொல்லுங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, “உப்பு பார்த்துப் போடச் சொல்லுங்க, நண்பர் வீட்டுல.”

மாப்பிள்ளை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். “மாமா, இந்த அரிசி எங்க கிடைச்சுது?”

“ஜமாஅத்து வீடு தேடிக் கொண்டாந்து தந்தது” என்றேன். ஒரு எழுத்து பொய்யில்லை. அடுப்படியில் மைமூன் சிரிக்கிற சத்தம், மூன்று நாளில் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து செய்யது ஸலாம் சொல்ல வந்து, சட்டியை எட்டிப் பார்த்தான். “உம்ம சீரகச் சம்பா யாருக்குவே போச்சு?”

“தாராவியிலேயே ரொம்ப மரியாதையான ஒரு குடும்பத்துக்கு” என்றேன். “உட்காரும். சாப்பிடும்.”