அமாவாசைச் சோற்றுக்கு வந்த வெள்ளைக் கிளி

மட்டாஞ்சேரி,
18-8-96

சௌபாக்கியவதி நீலாவுக்கு ஆசீர்வாதம். குழந்தைகள் சௌக்கியமா? உன் முழங்கால் வலி தேவலையா? மிளகுக் கிடங்கின் சக்கரவர்த்தியாகிய நான் இங்கே பரம சௌக்கியம்.

ஆடி அமாவாசையன்று நம் அப்பாவுக்காக மதிலில் சோறு வைத்து, கொச்சித் துறைமுகமே அதிரும்படி காக்காயைக் கூப்பிட்டேன். வந்ததோ மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் கிளி. யானைக்குட்டி அளவு இருக்கும். ஏழு கடல் தாண்டி என்னைத் தேடி வந்த காட்டுப் பறவை என்று தெருவுக்கே அறிவித்தேன்.

பக்கத்து வீட்டு வெங்கிட்டுவுக்குப் பறவை பார்ப்பதுதான் பைத்தியம். "வால் நுனியைப் பாருங்கோ மாமா. கூண்டுக் கம்பியிலே உரசித் தேஞ்சிருக்கு. யாரோ வளர்த்ததாக்கும்," என்றான்.

"ஏழு கடல் தாண்டினா வால் தேயாதாடா?"

வளர்த்த பறவை என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டும். எனக்கு மனசில்லை.

"அப்போ ஒளிஞ்சு நின்னு பாப்போம். காட்டுப் பக்ஷின்னா நாம போனப்புறம்தான் சோத்தைத் தொடும்."

கதவுக்குப் பின்னால் அரைமணி நேரம் நின்றோம். அது ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி எங்களைத் தேடியது. நான் எனக்கும் ஓர் இலை போட்டு அருகில் சாப்பிட உட்கார்ந்ததும் சாப்பிட ஆரம்பித்தது. என் வழக்கு தோற்றுவிட்டது. சாயாக்கடைச் சுவரில் விவரம் எழுதி ஒட்டிவிட்டேன். உடையவர் வரும்வரை என்னோடு இருக்கும்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உப்பு நார்த்தங்காய் கொடுத்தனுப்பு. பூஜை லீவுக்குக் குழந்தைகளோடு வா. அதற்குள் கிளி போயிருந்தாலும் வா. இந்த வீட்டில் யாருக்கும் தனியாகச் சாப்பிடப் பிடிப்பதில்லை.

தபால்பெட்டி திறக்க ஆள் வந்தாயிற்று, ஓடுகிறேன்.

கணபதிராமன்